கண் மூடாத ஒரு நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் பெரியவர் தாணுமாலயன் அவர்களே, நம் பள்ளியின் தலைமையாசிரியை ரெனி டீச்சர் அவர்களே, டீச்சரின் வீட்டாரே, அம்மாக்களே, அப்பாக்களே, இந்தப் பள்ளியில் படித்து வேலைக்குப் போய் இன்று அரைநாள் லீவு போட்டு வந்திருக்கும் பழைய மாணவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயையும் ரெனி டீச்சரின் கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேசுவதை ரெனி டீச்சர் பக்கத்தில் நின்று சைகையில் சொல்கிறார். "அம்மே, பதுக்கெ மதி, கேட்டோ" என்று மேடை ஏறும்போதே சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் படிப்பேன். வேகமாகப் படிக்க எனக்கு வராது. உனக்குத்தான் சைகை தெரியுமே, நீயே கையால் சொன்னால் என்ன என்று என் பெண் மாளவிகா காலையில் கேட்டாள். கையில் காகிதம் இருக்குமே என்றேன். காகிதம் இல்லாமல் இங்கே நின்றால் ஒரு வார்த்தைகூட வராது என்று பயம்.

என் பெயர் வாலாம்பாள். வலியசாலையில் குடியிருக்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலைக்குப் போனதில்லை. படிப்பு பத்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் அங்கங்கே கிடைத்ததை வாசித்து நானாகத் தெரிந்துகொண்டது.

நம் ஜெயபாய் டீச்சர், காது கேளாத பிள்ளைகளுக்கான இந்தப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் பாடம் சொல்லி, அதில் பன்னிரண்டு வருஷம் தலைமையாசிரியையாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்காத நம் ஜெயபாய் டீச்சர், மறைந்து இன்று பதினாறாவது நாள்.

டீச்சர் என்னிடம் ஒரு கேள்வியை மூன்று முறை கேட்டார். இரண்டு முறை முடியாது என்றேன். மூன்றாவது முறை பார்க்கலாம் என்றேன். அதிலிருந்து பதினோராம் நாள் டீச்சர் போய்விட்டார்.

என்ன கேள்வி? பள்ளியின் கிழக்குக் கோடி அறையில் ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டீச்சர் நடத்திவந்தாரே, அம்மாக்கள் வகுப்பு, பெற்ற பிள்ளையோடு பேசத் தெரியாத அம்மாக்களுக்குச் சைகை மொழி சொல்லித்தரும் வகுப்பு, அதைத் தமக்குப் பிறகு நான் நடத்துவேனா என்பதுதான். அந்தப் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்துதான் சொல்லத் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. செய்தி வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. உளுந்து வழித்து அரிசி போட்டேன். அரிசியும் ஆனது. கல்லைக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்குப் பிறகுதான் மாளவிகாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் கையால் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தப்பாகச் சொல்கிறாய், மறுபடி சொல் என்றாள். மறுபடி சொன்னேன். அதேதான். மூன்றாம் தடவையும் கேட்டாள். என் சைகையில் பிழை இருக்கும் என்று அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை! பிழை இல்லை. அன்றைக்கென்று ஒரு விரல்கூடப் பிழையில்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். மாளவிகாவுக்கு ஆறு வயது. அவளுக்குக் காது கேட்காது என்று ஒன்றரை வயதிலேயே தெரியும். சைகை காட்டிப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும், கையைக் கட்டிப்போட்டாவது வாயால் பேசப் பழக்குங்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். நாங்களும் கேட்டோம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பேச்சுப் பயிற்சி. இரண்டு வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அம்மா.

விளக்கேற்றும் நேரம். விளக்கு முன்னால் கைகூப்பி, கண்ணை மூடி, சுலோகம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். மாளவிகா கண்ணை மூடவே மாட்டாள். முழித்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் என் உள்ளங்கையை அவள் கண்மேல் வைத்து மூடுவேன். அவள் திமிறுவாள். ஒரு நாள் கடித்தேவிட்டாள். பெருவிரலுக்குக் கீழே வடு இருக்கிறது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்தக் குழந்தைக்குக் காது மட்டுமா இல்லை, பக்தியும் இல்லையே என்று தோன்றியது. என்ன பாவம் செய்தோம் என்று அதையும் சேர்த்து நினைத்தேன்.

அன்றைக்கு அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார். குடையும் ஒரு துணிப்பையும். இடது கையில் வாட்ச், முகப்பு உள்பக்கம் பார்த்தபடி. என் கை குழந்தையின் கண்மேல் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். சுலோகம் முடியும்வரை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அம்மா, நீங்க சாமி கும்பிடும்போ காதைப் பொத்திக்கிடுவீங்களா?"

"எதுக்குப் பொத்திக்கணும்? மணி அடிக்கறது கேக்கணுமே" என்றேன்.

"அப்போ அவளும் கேக்கட்டும். பிள்ளைக்குக் காது அங்கதான் இருக்கு. அதைப் போய்ப் பொத்துதீங்களே!"

நான் கையை எடுத்தேன். என் கணவர் சுந்தரராமன் எதற்கும் சட்டென்று வாய் திறக்க மாட்டார். "இத்தனை நாளா நாம என்ன பண்றோம்னு பாக்கத்தான் அவ முழிச்சிண்டிருந்திருக்கா போலிருக்கு" என்றார். அது உண்மை. மறுநாள் பார்த்தேன். நாங்கள் விழுந்து கும்பிட்டால் அவளும் விழுந்து கும்பிட்டாள். கற்பூரத்தை நான் எப்படி ஒற்றிக்கொள்கிறேனோ அப்படியே ஒற்றிக்கொண்டாள். கண்ணை மூடியிருந்த எனக்கு அதெல்லாம் தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் விளக்கு முன்னால் யாரும் கண்ணை மூடுவதில்லை.

ஆனால் பள்ளிக்கு அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. "அங்க எல்லாரும் கையால பேசுவா. வந்த ஒரு பேச்சும் போயிடும்" என்றேன்.

"என்ன பேச்சு வந்திருக்கு?"

"அம்மான்னு சொல்றா."

"நல்லது. அம்மான்னு கூப்பிட்டாச்சு. அதுக்கப்புறம் அம்மாகிட்ட அவ என்ன சொல்லணும்?"

பசிக்கிறது என்று சொல்லணும். வயிறு வலிக்கிறது என்று சொல்லணும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லணும். எதையும் அவள் சொன்னதில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளைக் கொண்டுவந்து சேர்த்தோம்.

அதே திங்கட்கிழமை இன்னொரு பெண்ணும் சேர்ந்தாள். பொன்செல்வி. தம்பானூரில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டராக இருக்கும் பிச்சைக்கனி அண்ணாச்சியின் மகள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஒரு மாதத்துக்குள் மாளவிகாவின் டிபன் டப்பா திரும்பி வரும்போது அதில் கருவாட்டு வாசனை. அண்ணாச்சி இங்கே உட்கார்ந்திருக்கிறார். மன்னிக்க வேண்டும் அண்ணாச்சி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு டீச்சர் அறைக்குப் போனேன். திறந்து காட்டினேன்.

டீச்சர் முகர்ந்து பார்த்தார். "நெத்திலி" என்றார். பிறகு, "சரிம்மா. நாளைலேருந்து பொன்செல்வியை வேற பெஞ்சுக்கு மாத்திருதேன். அதுக்கப்புறம் மாளவிகாகிட்ட யார் பேசுவா? நீங்க வந்து பேசுவீங்களா?"

நான் டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். புளி போட்டுத் தேய்த்தேன். எட்டு வருஷம் தேய்த்தேன்.

அன்பார்ந்தவர்களே, ஜெயபாய் டீச்சர் பாடம் நடத்திய விதத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வகுப்பு முடிந்தால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார், அதுதான் மணி. பின்வரிசைப் பையனைக் கூப்பிடத் தரையில் காலால் தட்டுவார். பிள்ளைகள் அவருக்குச் சைகையில் வைத்த பெயர், இடது மணிக்கட்டின் உள்பக்கத்தை இரண்டு விரலால் தொடுவது. அந்த வாட்ச்தான் அவர் பெயர். முன்வரிசையில் இப்போதும் பத்துப் பன்னிரண்டு கைகள் அப்படித் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பார்க்கிறேன்.

எழுத்தும் கணக்கும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போவது டீச்சர் கொண்டுவந்த வழக்கம். தபால் ஆபீஸ், மருந்துக் கடை, பஸ். கூட வருவார், உதவ மாட்டார். ஒரு தடவை நானும் துணைக்குப் போனேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு கடை. மாளவிகாவுக்குப் பத்து வயது. பென்சில் வாங்க வேண்டும். அவள் சின்ன நோட்டில் எழுதி நீட்டுகிறாள். கடைக்காரர் நோட்டைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்து டீச்சரிடம், "ஈ குட்டிக்கு எந்தா வேண்டது?" என்றார். டீச்சர் என்ன செய்தார்? தம் காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். எனக்கும் கேட்காது என்று! கடைக்காரர் என்னைப் பார்த்தார். டீச்சர் என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். நானும் காதைத் தொட்டேன். வேறு வழி? பாவம் அந்த மனிதர், கடைசியில் குனிந்து நோட்டை வாசித்தார். பென்சிலை எடுத்தார். விலையை விரலால் காட்டினார். மீதிச் சில்லறையை மாளவிகா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக் கைகூப்பி வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் டீச்சர், "பொய் சொன்னதுக்கு சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். நான் கவலைப்பட்டது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

இப்படி அவர் பழக்கியது எதற்கு என்று எனக்குப் புரிந்தது, மாளவிகாவுக்குப் பதினான்கு வயதில். இரண்டு பெண்களும் சேர்ந்து பஸ்ஸில் வரப் பழகியிருந்தார்கள். ஒரு நாள் முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் மத்தியானம் மூன்று மணிக்கு டவுன் பஸ் எல்லாம் நின்றுவிட்டது. வேலைநிறுத்தம். ஐந்து மணி ஆயிற்று. பெண் வரவில்லை. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பழவங்காடிக்கு ஓடினேன். அவள் இறங்கும் இடம் அதுதான். ஜனமான ஜனம். ஒரு பஸ் இல்லை. யாரிடம் என்ன கேட்பது? அங்கே பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு தேங்காய் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெண் வந்ததும் உடைக்கிறேன் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு நின்றேன். முக்கால் மணிநேரம்.

பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டினார்கள். மாளவிகா. பக்கத்தில் பொன்செல்வி. அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு பிச்சைக்கனி அண்ணாச்சி.

என்ன நடந்திருக்கிறது! போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் நோட்டில் எழுதிக் கேட்டுத் தம்பானூருக்கு நடந்தே வந்திருக்கிறார்கள். அண்ணாச்சியின் ஹோட்டலில் ஆளுக்கு இரண்டு உளுந்து வடை தின்றிருக்கிறார்கள். எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பதில் இல்லை. ஏன் இல்லை? போன் என் அடுக்களை அலமாரியில் இருந்தது. வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்து, எதிர்வீட்டு மாமியிடம் எழுதிக் காட்டிக் கேட்டு, என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மாளவிகா என் கையிலிருந்த தேங்காயைப் பார்த்தாள். பொன்செல்வியிடம் கையால் கடகடவென்று ஏதோ சொன்னாள். பொன்செல்வி திருப்பிச் சொன்னாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவு வேகமாக என் பெண் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு சிரிப்பாள் என்றும் தெரியாது. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை.

"அண்ணாச்சி, என்ன சொல்றா?"

அண்ணாச்சி தயங்கினார். "அது வந்து… எங்கம்மா தொலஞ்சு போயிட்டா, ஒருவழியா கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லுதா. பொன்செல்வி சொல்லுதா, தேங்காயைப் பிடுங்கு, நாம ஒடைப்போம், வேண்டுதல் நமக்குத்தான் பலிச்சிருக்குன்னு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் டீ ஆத்தும்போ பிள்ள எதுக்க உக்காந்திருப்பா. கையையே பாத்துக்கிட்டு இருப்பேன். அப்பிடியே வந்துட்டு. ஆனா ஒண்ணு, டீயை ஆத்திக்கிட்டே பதில் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்."

என் பெண் சொன்னதை இன்னொருவர் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வருஷமாக அவள் கையைப் பார்த்து எனக்குத் தெரிந்தது சாப்பாடு, தண்ணீர், பள்ளிக்கூடம், போதும், வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் அவளை வளர்த்ததாக நினைத்திருந்தேன். தேங்காயை அவர்கள் இரண்டு பேரும்தான் உடைத்தார்கள்.

மறுநாள் டீச்சரிடம் போனேன். "அவ பேசறது எனக்குப் புரியலை டீச்சர்" என்றேன்.

டீச்சர் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். "இதைச் சொல்ல உங்களுக்கு எட்டு வருசம் ஆச்சு. சரி, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க."

அப்படித் தொடங்கியது அந்த வகுப்பு. பெயர் அம்மாக்கள் வகுப்பு. முதல் வாரம் வந்தது மூன்று அம்மாக்களும் பிச்சைக்கனி அண்ணாச்சியும். பாடம் நடத்த டீச்சர் நிற்கவில்லை. இந்தப் பள்ளியின் பழைய மாணவர் அபிலாஷை நிறுத்தினார். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. அவன் மொழியை அவன்தான் சொல்லித்தர வேண்டும் என்றார். ஒரே ஒரு சட்டம்: ஒரு மணிநேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவர் கரும்பலகையைத் துடைக்க வேண்டும். முதல் மாதம் முழுக்கக் கரும்பலகை துடைத்தது நான். கைக்குட்டை விழுந்தால்கூட "அடடா" என்று வந்துவிடும். டீச்சர் டஸ்டரை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த ஒரு மணிநேரம் எப்படி இருந்தது? எல்லோரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை. அபிலாஷ் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நானும் அர்த்தம் தெரியாமல் சிரித்துவைக்கிறேன். மாளவிகா எங்கள் வீட்டில் கல்யாணம் கார்த்திகைக்கு வருகிற உறவுக்காரர்கள் நடுவே அப்படித்தான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அங்கே உட்கார்ந்துதான் தெரிந்தது.

அபிலாஷுக்கு என்மேல் ஒரு குறை உண்டு. உங்கள் கை பேசுகிறது, முகம் மாவு அரைக்கிறது என்பான். சைகையில் பாதி முகத்தில் இருக்கிறதாம். என் முகம் அசையாதாம். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள் அபிலாஷ்.

எனக்கு எழுதிவைக்கிற பழக்கம் உண்டு. அன்றன்று தெரிந்துகொண்டதைத் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். படம் வரைய வராது. வலது கை, இரண்டு விரல், நெற்றியிலிருந்து முன்னால், முகத்தில் சந்தேகம் என்று எழுதுவேன். ஏழு நோட்டு ஆயிற்று. இன்றைக்கு மாளவிகா கவடியாரில் ஓர் அலுவலகத்தில் கணினியில் வேலை பார்க்கிறாள். பொன்செல்வி அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறாள். தனியாகப் போகிறார்கள், தனியாக வருகிறார்கள், சண்டை போட்டுக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருக்கிறார்கள், நாலாம் நாள் வீடியோவில் ஒரு மணிநேரம் பேசுகிறார்கள். சாயங்காலம் ஆபீசில் நடந்ததை மாளவிகா எனக்குச் சொல்கிறாள். யார் யாரை மட்டம் தட்டினார்கள், மேனேஜர் எப்படி மூக்கைச் சொறிவார், எல்லாம். நான் கேட்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் டீச்சருக்கு என் நன்றி. நான் கேட்கிறேன்.

இப்போது அந்தக் கேள்வி.

முதல் முறை, போன வருஷம் ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு முடிந்து அறையைப் பூட்டும்போது கேட்டார். "எனக்கப்புறம் இதை நீங்க பாத்துக்கிடணும்." நான் பதறிப்போய், "என்ன டீச்சர், நான் பத்தாங்கிளாஸ். அபிலாஷ் இருக்கானே" என்றேன். "அபிலாஷுக்குப் பாடம் எடுக்கத் தெரியும். புதுசா வந்து நிக்கிற அம்மாவுக்கு என்ன பயம்னு அவனுக்குத் தெரியாதுல்லா? உங்களுக்குத் தெரியும். டப்பாவைத் தூக்கிட்டு வந்தவங்க நீங்கதானே!" முடியாது என்றேன்.

இரண்டாவது முறை, அம்மன் கோயில் பொங்காலைக்குப் பத்து நாள் இருக்கும்போது. போனில். குரல் தேய்ந்திருந்தது. "பொங்காலைக்கு மனுஷா வரா டீச்சர், ஆத்துல பதினாலு பேர். இப்ப என்னால முடியாது" என்றேன். "சரிம்மா, அம்மைக்குப் பொங்கலிடுங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது முறை ஆஸ்பத்திரியில். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். பேச முடியாது. அதனால் என்ன? கையால் பேசினார். ஊசி ஏற்றியிருந்தது இடது கையில். வலது கையால் மட்டும் பேசினார். நானும் கையால் பேசினேன். மாளவிகா எப்படி இருக்கிறாள் என்றார். பொன்செல்வியோடு சண்டை என்றேன். எத்தனை நாள் என்றார். இரண்டு என்றேன். அப்படியானால் நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். கட்டிலண்டை வந்த நர்ஸ் இன்னொரு நர்ஸிடம், "ரண்டு பேர்க்கும் செவி கேள்க்கில்லா, பாவம்" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார். காதைத் தொட்டுத் தலையை ஆட்டினார். அந்தக் கடையில் செய்தாரே, அதே மாதிரி. கண் சிரித்தது. நானும் காதைத் தொட்டேன்.

பிறகு கேட்டார். ஞாயிறு என்றார். அறை என்றார். விரலை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். நீட்டிய விரலை எடுக்கவே இல்லை.

நான் பார்க்கலாம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? படிப்பு இல்லை என்பதா? வீட்டில் வேலை என்பதா? அதெல்லாம் இல்லை. நான் சரி என்று சொல்லிவிட்டால் டீச்சர் நிம்மதியாகப் போய்விடுவார் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்தால் இருப்பார் என்று நினைத்தேன். தினமும் சாமி கும்பிடுகிறவள், இப்படி ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு தப்பாகிவிட்டது. டீச்சர் பதில் தெரியாமலே போய்விட்டார்.

டீச்சர் போன பிறகு இரண்டு ஞாயிறு அந்த அறை பூட்டியிருக்கிறது. பழைய பெஞ்சுகளை அதில் போட்டுவைக்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கிற அறையைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் போன ஞாயிறு காலை பாலராமபுரத்திலிருந்து ஓர் அம்மா மூன்று வயதுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாராம். பூட்டைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் நின்றாராம். வாட்ச்மேன் சொன்னார். அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லத் தமக்குத் தைரியம் வரவில்லை என்றார். அந்த அம்மாவின் பெயர் தெரியாது. எந்தத் தெரு என்று தெரியாது. அவர் மறுபடி வந்தால் பூட்டு இருக்கக் கூடாது. வராவிட்டால், கையில் தாளோடு தெருத்தெருவாகத் தேடிக்கொண்டு போக டீச்சர் இல்லை. நான் போகிறேன்.

தாணுமாலயன் ஐயா, அந்த அறையின் சாவி உங்களிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அதை என்னிடம் தர வேண்டும் என்று சபையறியக் கேட்டுக்கொள்கிறேன். நாளை ஞாயிறு. பத்து மணிக்கு அபிலாஷ் வந்துவிடுவான், கேட்டுவிட்டேன். அண்ணாச்சி டீ கொண்டுவருகிறார். கரும்பலகை துடைப்பது எனக்குப் பழக்கம்தான்.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சி நிரலில் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. எழுந்து நின்று தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்வோம், அதுதான் வழக்கம். ரெனி டீச்சரிடமும் ஐயாவிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கிறேன். தயவுசெய்து இன்று யாரும் கண்ணை மூட வேண்டாம். நாம் கண்ணை மூடினால் இந்த முன்வரிசைக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. எப்போது முடிந்தது என்று தெரியாது. டீச்சர் இருந்திருந்தால் நம் கையை எடுக்கச் சொல்லியிருப்பார். அந்த ஒரு நிமிடமும் நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்த நிமிடத்தில் நான் டீச்சருக்குப் பதில் சொல்லப்போகிறேன். அவர் என்னிடம் கையால் கேட்டார். கையால்தான் சொல்ல வேண்டும். ரெனி டீச்சர், உங்களுக்குக் கை வலிக்கும், நீங்கள் உட்காருங்கள். நான் சொல்வது புரியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் எழுதிக் காட்டுவார்கள்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நான் காகிதத்தைக் கீழே வைக்கிறேன்.